சாகாத சொத்து – 14: மக்காவில் ஒரு வீடும் ஜகார்த்தாவில் ஒரு ஸ்டிக்கரும்

கைபர் தோட்டத்தை உமர் (ரலி) வக்ஃபு செய்ததும், மூலத்தைத் தொடாமல் விளைச்சலை மட்டும் தர்மம் செய்யும் விதி பிறந்ததும் முன்பே பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்தோனேசிய இளைஞர்கள் வக்ஃபை எப்படிப் பார்க்கிறார்கள் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் நடுவில் ஹபீப் புகாக் வந்து உட்கார்ந்துகொண்டார். அவரை எழுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

சுமத்ராவின் வடமுனை ஆச்சே. அங்கிருந்து போன ஹபீப் புகாக் ஆஷி என்பவர் ஹிஜ்ரி 1224-ல், அதாவது 1809-ல், மக்காவில் ஹரம் பள்ளியை ஒட்டி ஒரு வீட்டை வக்ஃபு செய்கிறார். ஹஜ்ஜுக்கு வரும் ஆச்சே மக்களுக்கும், மக்காவிலேயே தங்கிவிட்ட ஆச்சேக்காரர்களுக்கும் அந்த வீடு. இத்தோடு விட்டிருந்தால் ஆயிரம் வக்ஃபுகளில் ஒன்றாகப் போயிருக்கும். மனிதர் அதற்கு மேலும் யோசித்தார். ஆச்சேக்காரர்கள் யாரும் வராத காலம் வந்தால்? மக்காவில் ஓதும் ஜாவி மாணவர்களுக்கு. (தென்கிழக்கு ஆசியத் தீவுக்காரர்கள் எல்லோருமே அரபிகளுக்கு ஜாவிதான்.) அவர்களும் இல்லையென்றால்? மக்காவின் மாணவர்களுக்கு. அவர்களும் இல்லாவிட்டால் ஹரம் பள்ளியின் இமாமுக்கு. தன் ஊரே காலியாகிவிட்டாலும் வீடு அநாதையாகக் கூடாது என்று நினைத்து எழுதிய பத்திரம்!

பிறகு ஹரம் பள்ளி விரிவாக்கத்தில் வீடு போயிற்று. நஷ்டஈடு வந்தது. நிர்வாகிகள் அதைப் பங்கு போட்டுத் தின்றுவிடவில்லை. பக்கத்திலேயே இடம் வாங்கினார்கள். இன்று அங்கே அடுக்குமாடி விடுதிகள் நிற்கின்றன. 2006 முதல் அந்த வருமானத்திலிருந்து ஆச்சேயின் ஹாஜிகளுக்கு மக்காவிலேயே ரொக்கம் கொடுக்கிறார்கள். பல ஆண்டுகள் தலைக்கு 1,200 ரியால், பிறகு 1,500. நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பருவத்தில் அந்த மாகாணத்திலிருந்து போகிறவர்கள் நாலாயிரம் பேருக்கு மேல் என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருநூறு ஆண்டுக்கு முன் செத்துப்போனவர் கைச்செலவுக்குக் காசு தருகிறார்! அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று ஆய்வாளர்கள் பிற்பாடு தேடவேண்டி இருந்தது என்பது இன்னொரு வேடிக்கை.

2018-ல் இந்தோனேசிய ஹஜ் நிதி வாரியம் அந்த வக்ஃபு நிலத்தில் முதலீடு செய்ய விருப்பம் தெரிவித்தபோது ஆச்சேயில் எதிர்ப்பு கிளம்பியது. இது எங்கள் சொத்து, அரசாங்கம் ஒதுங்கி நிற்கட்டும் என்ற குரல்.

சரி, இனி ஜகார்த்தா.

2020-ல் இந்தோனேசியாவில் வக்ஃபு பற்றிய அறிவை அளந்து ஒரு குறியீடு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 50.48. ஜகாத்துக்கோ 66.78. நம்மூரைப் போலவே அங்கும் வக்ஃபு என்றால் பள்ளிவாசல், மத்ரசா, மையவாடி. கொடுப்பவர் நிலம் வைத்திருக்கும் வயதான ஹாஜியார். வாடகை அறையில் இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரர் எதை எழுதி வைப்பார்?

அதற்காகத்தான் பண வக்ஃபு. உலமா மன்றம் 2002-லேயே கூடும் என்று ஃபத்வா கொடுத்தது. 2004-ல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வக்ஃபு செய்யவும் அனுமதித்தது. காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களைப் போலவே அங்கே பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். ஷாஃபியில் வக்ஃபு நிரந்தரமாக இருக்க வேண்டும். மாலிகியில் தவணை வைக்கலாம். சட்டம் மாலிகி பக்கம் சாய்ந்தது. 2020 அக்டோபரில் தனிநபர்களுக்கான வக்ஃபு சுகூக் என்ற வட்டியில்லாப் பத்திரம் வந்தது. குறைந்தபட்சம் 10 லட்சம் ருப்பியா, நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய் அளவு. இரண்டு வருடத்துக்குப் பிறகு அசலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இடையில் வந்த லாபம் தர்மத்துக்கு. பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. சேரங் நகரின் அஹ்மத் வார்தி கண் மருத்துவமனையில் விழித்திரை, கண் அழுத்த நோய்ப் பிரிவு எழுந்தது இதற்கு முந்தைய வக்ஃபு சுகூக்கின் வருவாயில்தான்.

பிறகு ஏன் கூட்டம் அலைமோதவில்லை? 2021 ஜனவரியில் அதிபர் ஜோகோ விதோதோ தேசியப் பண வக்ஃபு இயக்கத்தைத் தொடங்கினார். ஆண்டுக்கு 188 லட்சம் கோடி ருப்பியா திரட்ட முடியும் என்றார்கள். அதற்கு முந்தைய மாதம் வரை திரண்டிருந்தது மொத்தமே 32,800 கோடி. ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அறிவிப்பு வந்ததுமே சமூக ஊடகங்களில், அரசு கஜானா காலியாகிவிட்டதோ, எங்கள் தர்மக் காசு கேட்கிறதோ என்று கிண்டல். நிதியமைச்சர் விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

அத்தோடு நிற்கவில்லை. 2022-ல் டெம்போ வார இதழ் ஏசிடி என்ற பெரிய தொண்டு நிறுவனத்தின் கணக்கைத் தோண்டியது. அரசு அதன் உரிமத்தை ரத்து செய்தது. லயன் ஏர் விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக போயிங் கொடுத்த பணம் திசைமாறிய வழக்கில் நிறுவனர் சிறைக்குப் போனார். 2023 ஏப்ரல், ரமலான் மாதம். ஜகார்த்தாவின் பள்ளிவாசல் உண்டியல்களில் ஒட்டியிருந்த க்யூஆர் ஸ்டிக்கர் மேல் ஒருவர் தன் சொந்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார். தொழுதுவிட்டு வந்தவர்கள் போனை நீட்ட, காசு அவர் கணக்குக்குப் போயிற்று. ஆள் முன்னாள் வங்கி ஊழியர்!

இளைஞர்களுக்கு ஈகை இல்லை என்று யாராவது ஜும்ஆவில் பயான் செய்தால் நம்பாதீர்கள். ஒரு குழந்தையின் மருத்துவச் செலவு என்றால் அங்கே போனிலேயே நிமிடங்களில் பணம் சேர்கிறது. அதில் கொடுத்ததன் பலன் கண்முன் தெரியும். வக்ஃபில் அப்படியில்லை. முன்பின் தெரியாத ஒரு நிர்வாகியை, தான் செத்த பிறகும் சேர்த்து நம்பவேண்டும். இந்தத் தலைமுறைக்கு அந்த நம்பிக்கைதான் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஹபீப் புகாக்குக்கு வாய்த்த நிர்வாகிகள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பண வக்ஃபு கூடுமா கூடாதா என்று 16-ஆம் நூற்றாண்டு உஸ்மானிய அறிஞர்கள் அபுஸ்ஸுஊதும் பிர்கிவியும் மோதிக்கொண்ட கதையும் இந்த வாரத்துக்கு என்றுதான் வைத்திருந்தேன். இடமில்லை, அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் பள்ளிவாசலுக்கு வக்ஃபுக் கடைகள் எத்தனை, மாத வாடகை எவ்வளவு என்று முத்தவல்லியிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.