மாட்டுப்பட்டிப் பிள்ளைகளிடம் எந்த மொழியில் கேட்பது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி 13 கிலோமீட்டர். அணையைத் தாண்டினால் குண்டளை, எல்லப்பட்டி, செண்டுவாரை என்று தேயிலைத் தோட்டங்கள் நீள்கின்றன. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பேச்சு தமிழ். அரசு ஆணைகள் வருவதோ பெரும்பாலும் மலையாளத்தில். கேரளத்தில் கடந்த சில ஆண்டுகளாக உயர்நிலைப் பள்ளி விதிகள் அடுத்தடுத்து மாறிவருகின்றன. அவற்றைப் பற்றி மாணவர்களையே கேட்கலாம் என்ற நல்ல எண்ணமும் அங்கே பிறந்திருக்கிறது. மலைமேல் இருக்கும் தமிழ்வழிப் பிள்ளையின் குரல் அந்தக் கேள்விக்குள் எப்படி நுழையும் என்பதுதான் இன்னும் தெளியவில்லை.

முதலில் பள்ளி நேரம். 2025 ஜூனில் 8, 9, 10-ஆம் வகுப்புகளுக்கு அரை மணி நேரம் கூட்டப்பட்டது. வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 9.45-க்குத் தொடங்கி மாலை 4.15-க்கு முடிகிறது. ஆண்டுக்கு 1,100 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்ற கணக்குக்காக வந்த மாற்றம் இது. காலையில் மதரசா வகுப்புக்கு இடைஞ்சல் என்று சமஸ்தா என்ற முஸ்லிம் அமைப்பு எதிர்த்தது; கல்வி அமைச்சர் அந்த அமைப்புடன் பேசினார். பேச ஓர் அமைப்பு இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது.

மலையில் அரை மணி என்பது வேறு கணக்கு. சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரில் வரும் ஜீப்பே தெரியாது. மாட்டுப்பட்டிச் சாலையில் ‘படையப்பா’ என்று பேர் வாங்கிய கொம்பன் யானை நடமாடுவது ஊருக்கே தெரியும். பஸ்ஸைத் தவறவிட்ட பத்தாம் வகுப்புப் பெண், தோட்டப் பாதையில் லயம் வரை நடக்க வேண்டும். கொழுந்து பறித்து வீடு திரும்பும் அம்மாவுக்கு அந்த அரை மணி முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். நேரத்தை முடிவு செய்யுமுன் கேட்டிருக்க வேண்டியது இந்தப் பிள்ளைகளைத்தான்.

அடுத்தது விடுமுறை. ஏப்ரல், மே மாத விடுமுறையை மழைக்காலமான ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று 2025 ஜூலை இறுதியில் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார். மழை கொட்டி, மண் சரிந்து, கலெக்டர் அடிக்கடி விடுமுறை விடும் இடுக்கிக்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் வேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். ஊர்க் கோயில் கொடை, கல்யாணம், அத்தை மாமா பிள்ளைகளைப் பார்ப்பது எல்லாம் சித்திரை, வைகாசியை ஒட்டித்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். மழையில் விடுமுறை விட்டால், லயத்துக்குள் அடைந்து கிடப்பதைத் தவிர இந்தப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை. இதைத் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து யாரும் ஊகிக்க முடியாது. பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மதிப்பெண். எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 சதவீதம் வாங்க வேண்டும் என்ற விதி 2024-25-இல் வந்தது. அடுத்து ஒன்பது, பிறகு பத்து என்று படிப்படியாக ஏற்றுவது திட்டம். எட்டாதவர்களுக்குத் தனி வகுப்பு நடத்த வேண்டும். விதியில் தவறில்லை என்பது என் எண்ணம். எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளையை அப்படியே மேலே தள்ளிவிடுவது இரக்கம் ஆகாது. ஆனால் தமிழ்வழி மாணவனுக்குக் கணக்கையும் அறிவியலையும் தமிழில் விளக்கும் ஆசிரியர் வேண்டும். அந்தப் பணியிடம் காலியாகவோ, தமிழ் தெரியாதவர் கையிலோ இருந்தால், தனி வகுப்பு நடத்தி என்ன பயன்? காசர்கோட்டில் கன்னடவழி வகுப்புக்குக் கன்னடம் தெரியாத ஆசிரியரைப் போட்டபோது மாணவர்களே போராட்டத்தில் இறங்கியது உண்டு. கற்பித்தலைப் பற்றி மாணவர் தந்த மதிப்பீடு என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மலையாளம் கற்பதை இந்தப் பிள்ளைகள் வெறுக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலை, கல்லூரி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த மொழியில்தான் நடக்கின்றன. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. அதைக் கற்றுக்கொண்டே மற்ற பாடங்களைத் தாய்மொழியில் படிப்பதுதான் தமிழ்வழிக் கல்வி. தொடக்க வகுப்புகளில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்யச் சொல்கிறது அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு. உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் அந்தத் தேவை தீர்ந்துவிடுவதில்லை. பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கவலை உண்டு.

மாணவரைக் கேட்பது கேரளத்துக்குப் புதிதல்ல. 2022 நவம்பரில் பாடத்திட்ட மாற்றத்தைப் பற்றி மாநிலம் முழுவதும் வகுப்பறைகளிலேயே மாணவர்கள் விவாதித்தார்கள். அதன்பின் புதிய பாடநூல்கள் 2024-25 முதல் வந்தன. வகுப்பறை இருக்கையைக்கூடப் பிள்ளைகள் பக்கமிருந்து யோசிக்கலாம் என்று ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படம் காட்டியது. கடைசி பெஞ்சே இல்லாமல் சுற்றி உட்காரும் முறையைக் கேரளப் பள்ளிகள் சில முயன்றன. 2025-இல் தமிழ்நாட்டில் அது ‘ப’ வடிவ இருக்கையாகப் பேசப்பட்டது.

குழந்தையைப் பாதிக்கும் எதிலும் அதன் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு தந்த மாதிரி விதிகளில், பள்ளி மேலாண்மைக் குழுவில் மாணவர்களையும் சேர்க்க இடம் இருக்கிறது. பெற்றோருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பகல் முழுக்கக் கொழுந்துக் காட்டில் நிற்பவர்கள், வேலை நாளில் வைக்கும் குழுக் கூட்டத்துக்குக் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுத உரிமை தந்தது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். 2025 அக்டோபரில் சட்டசபை நிறைவேற்றிய மலையாள மொழி மசோதாவும் தமிழிலும் கன்னடத்திலும் அரசுக்கு எழுதும் வசதியை விட்டுவைத்திருக்கிறது.

ஆகவே, மாட்டுப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளே, பள்ளி விடும் நேரம், விடுமுறை மாதம், ஆசிரியர் இல்லாத பாடம் என எதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல இருந்தாலும், தமிழில் எழுதி, தேதி போட்டு, தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பதிலையும் தமிழிலேயே கேளுங்கள்.