பழைய கட்டத்துக்குள் புதிய விளையாட்டு

இன்றைய வீடியோ கேம்களில் ஒரு மரத்தின் இலை காற்றில் அசைவதற்கும், வீரனின் கவசத்தில் மாலை வெயில் பட்டுத் தெறிப்பதற்கும் நொடிதோறும் கோடிக்கணக்கான கணக்குகள் நடந்துகொண்டிருக்க, அதே விளையாட்டுகள் 1980-களில் வெளிவந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, அவற்றைப் பெரிய சதுரப் புள்ளிகளால் மறுபடி வரைந்து பார்க்கும் வழக்கம் ரசிகர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அசையாத படமாக நின்றால் அதைப் பிக்சல் ஓவியம் என்கிறார்கள். உண்மையில் விளையாடத்தக்க நிரலாக விரிந்தால் டீமேக் என்கிறார்கள். பழைய விளையாட்டைப் புதிய வசதிகளோடு மீண்டும் உருவாக்குவது ரீமேக் என்றால், இது அதற்கு நேர் எதிர்த்திசையில் போகும் வேலை. கடந்த காலத்தின் மீதான ஏக்கம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், எதையெல்லாம் எடுத்துவிட்டாலும் ஒரு விளையாட்டு அதுவாகவே நிற்கும், எதைத் தொட்டால் குலைந்துபோகும் என்ற கேள்விக்கு நல்ல டீமேக் ஒவ்வொன்றும் செய்துகாட்டி விடை சொல்வதால், இதனை விமர்சனத்தின் ஒரு வகையாகவே கருத வேண்டும்.

திரையில் தோன்றும் படத்தின் மிகச் சிறிய அலகு பிக்சல். முழு எச்டி திரை ஒன்றில் இத்தகைய புள்ளிகள் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் இருக்க, நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரிலும் பின்னர் அமெரிக்காவில் என்இஎஸ் என்ற பெயரிலும் விற்ற கருவியின் படத்தில், 256-க்கு 240 என்ற கணக்கில், 61,440 புள்ளிகளே இருந்தன. தமிழ்நாட்டில் 1990-களில் ‘டிவி கேம்’ என்று கேசட்டோடு விற்கப்பட்ட மலிவான பெட்டிகளில் பல இந்த ஃபேமிகாமின் நகல்களே என்பதால், மரியோவையும் கான்ட்ராவையும் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இந்தத் திரை பழக்கமானதுதான்.

புள்ளிகளின் எண்ணிக்கையைவிடக் கடுமையானது வண்ணக் கணக்கு. அந்தக் கருவிக்குத் தெரிந்த நிறங்கள் ஐம்பதைச் சற்றே தாண்டும். அவற்றிலும் ஒரே நேரத்தில் திரையில் காட்டக்கூடியவை 25 மட்டுமே. பின்னணிக் காட்சி 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களை அடுக்கி அமைக்கப்பட்டது. நான்கு கட்டங்கள் சேர்ந்த 16-க்கு 16 பரப்பு முழுவதும் ஒரே வண்ணத் தொகுதியைத்தான் பயன்படுத்த முடியும் என்பதால், ஒரு பச்சைப் புதரையும் அதன் மேல் ஒரு சிவப்புப் பூவையும் நினைத்த இடத்தில் வைத்துவிட முடியாது. ஸ்பிரைட் எனப்படும் நகரும் உருவங்களுக்குத் தலா மூன்று நிறங்கள். திரையின் ஒரே கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு மேல் வந்துவிட்டால் மிகுதியானவை மறைந்துபோகும். நிரலாளர்கள் மறையும் உருவத்தை முறைவைத்து மாற்றிக்கொண்டே இருந்ததால்தான், எதிரிகள் கூடிய இடங்களில் உருவங்கள் மினுக்கி மினுக்கித் தெரிந்தன.

இத்தகைய தடைகள் கலைஞனின் கையை எப்படித் திருப்பிவிடும் என்பதற்கு மரியோவே சான்று. 1981-இல் வெளிவந்த டாங்கி காங் விளையாட்டுக்காக நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ அந்த உருவத்தை அமைத்தபோது, வாயை வரையப் போதிய புள்ளிகள் இல்லாததால் பெரிய மூக்கும் மீசையும் வந்தன. தலைமுடியை அசைத்துக் காட்டுவது கடினம் என்பதால் தொப்பி வந்தது. கை வீசி நடப்பது தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டையும் அதன் மேல் போடும் முழுநீளக் கால்சட்டையும் வெவ்வேறு நிறம் பெற்றன. உலகம் முழுவதும் அறிந்த ஒரு முகம் பெரும்பாலும் இடநெருக்கடியால் உருவானது. ரசிகர்கள் இன்று புதிய விளையாட்டுகளைப் பழைய கட்டத்துக்குள் கொண்டுவரும்போது, தேவையினால் பிறந்த அந்த முடிவுகளைத் தாமாகவே விரும்பி மறுபடியும் எடுக்கிறார்கள்.

ஒரு புகைப்படத்தையோ விளையாட்டுக் காட்சியையோ கணினியிடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னால் போதாதா என்ற ஐயம் இங்கே எழக்கூடும். போதாது. இயந்திரம் அருகருகே உள்ள நிறங்களின் சராசரியை எடுத்துக் கட்டங்களை நிரப்புவதால், கண் இருக்கும் இடம் இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுந்து மங்கலாகி, முகம் முகமாக இல்லாமல் போய்விடும். பாய் நெய்பவர் கோரைகளை எண்ணி எண்ணி ஒரு மயிலைக் கொண்டுவருவதைப் போல, பிக்சல் ஓவியர் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக முடிவு செய்கிறார். முதலில் உருவத்தின் வெளிக்கோடு. கறுப்பு நிழலாக நின்றாலே யார் என்று தெரிய வேண்டும். அடுத்து, அந்த உருவத்தை அடையாளப்படுத்தும் இரண்டு மூன்று நிறங்கள். அதன் பிறகுதான் நுணுக்கங்கள்: விளிம்பில் தெரியும் படிக்கட்டுகளை மழுக்க இடைநிறப் புள்ளிகளை வைப்பது ஆன்டி-அலியாசிங், இரு நிறங்களைச் சதுரங்கப் பலகை போல மாறி மாறி வைத்து மூன்றாவதொரு நிறம் இருப்பதாகக் கண்ணை நம்பவைப்பது டித்தரிங். ஆப்பிள் நிறுவனத்தின் 1984-ஆம் ஆண்டு மேக்கின்டாஷ் கணினிக்காக 32-க்கு 32 கட்டத்தில் சின்னங்களை வடிவமைத்த சூசன் கேர், தொடக்கத்தில் கட்டம் போட்ட தாளில்தான் அவற்றை வரைந்தார். ஏஸ்பிரைட் போன்ற மென்பொருள்கள் அந்தத் தாளைத் திரைக்குக் கொண்டுவந்திருக்கின்றனவே தவிர, புள்ளி வைக்கும் பொறுப்பைக் கலைஞரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

பழைய பாணி என்று இன்று பரவலாகக் காணக் கிடைக்கும் படங்களில் பெரும்பகுதி எந்தப் பழைய கருவியிலும் ஓடக்கூடியவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே படத்தில் வெவ்வேறு அளவுள்ள புள்ளிகள் கலந்திருக்கும்; ஒரு வாளைச் சுழற்றினால் அதன் புள்ளிகளும் சேர்ந்து சாய்ந்துகொள்ளும்; நிறங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இவை கருவியின் உண்மையைக் காட்டிலும் நினைவில் எஞ்சிய சாயலைப் பின்பற்றுபவை. அந்தச் சாயலும் நம்பத்தக்கதல்ல. அக்காலப் படங்கள் குழல்வகைத் தொலைக்காட்சியில், விளிம்புகள் கசிந்து கலந்த நிலையில்தான் காணப்பட்டன. சேகா நிறுவனத்தின் சோனிக் விளையாட்டில் (1991) அருவி செங்குத்துக் கோடுகளாகவே வரையப்பட்டிருந்தாலும், பழைய இணைப்புக் கம்பி வழியே தொலைக்காட்சிக்குப் போனபோது அது ஒளி ஊடுருவும் நீராகத் தெரிந்தது. கூர்மையான சதுரங்களாக நாம் இன்று போற்றும் அழகு, அன்று பெரும்பாலானோர் வீட்டில் கண்டிராத அழகு.

விதியை மீறுவது குற்றமல்ல, தெரிந்து மீறினால். 2014-இல் வெளிவந்த ஷவல் நைட் விளையாட்டை உருவாக்கியவர்கள் என்இஎஸ் கருவியின் தோற்றத்தைப் பின்பற்றினாலும், அகன்ற திரையையும் கூடுதலாகச் சில நிறங்களையும் சேர்த்துக்கொண்டு, எங்கெங்கே மீறினோம் என்பதை வெளிப்படையாக விளக்கி எழுதினார்கள். அதற்கு முன்பே, கேப்காம் நிறுவனம் 2008-இல் மெகா மேன் 9 விளையாட்டை முழுக்க என்இஎஸ் காலத்து எட்டு-பிட் தோற்றத்தில் வெளியிட்டபோது, பழைய மினுக்கலை விரும்பினால் இயக்கிக்கொள்ளும் வசதியையும் கொடுத்தது. ஒரு குறையைச் செலவு செய்து மறுபடி உருவாக்கிய விந்தை அது.

பிக்சல் வடிவம் ரசிகர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பதை நிண்டெண்டோ நிறுவனமே காட்டியிருக்கிறது. ‘லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ என்ற பரந்த முப்பரிமாண விளையாட்டு 2017 மார்ச் 3 அன்று விற்பனைக்கு வந்தது. அதே வாரத்தில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில், இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியும் அவருடைய குழுவினரும், அந்த விளையாட்டின் அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கத் தாங்கள் முதலில் செய்த மாதிரியைத் திரையிட்டார்கள். அது 1986-ஆம் ஆண்டின் முதல் ஜெல்டாவைப் போலவே, மேலிருந்து பார்க்கும் தட்டையான பிக்சல் படமாக இருந்தது. நெருப்பின் வழியே எய்த அம்பு தீப்பற்றிச் சென்று மரத்தை எரிக்கிறது. வெட்டி வீழ்த்திய மரம் நீரில் மிதக்கிறது. நெருப்பு, நீர், காற்று, மின்சாரம் ஆகியவை பொருள்களின் நிலையை மாற்றும் என்ற பொது விதியை மட்டும் வைத்துவிட்டால், எண்ணற்ற தீர்வுகளை ஆடுபவரே கண்டுபிடித்துக்கொள்வார் என்பது குழுவின் எதிர்பார்ப்பு. மலைத்தொடர்களையும் புல்வெளிகளையும் எழுப்புவதற்கு முன் அந்த எதிர்பார்ப்பு சில சதுரங்களில் நிரூபிக்கப்பட்டது.

ஒரு ரசிகர் கற்பனையில் செய்யும் வேலையும் இந்த மாதிரியும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பது தற்செயல் அன்று. அந்த விளையாட்டின் உயிர் அதன் விதிகளில் இருந்தது. காட்சி பின்னால் வந்து சேர்ந்தது. விதிகள் உறுதியாக உள்ள விளையாட்டு 16-க்கு 16 கட்டத்திலும் பிழைத்துக்கொள்ளும். ஒளியையும் நடிகரின் முகபாவத்தையும் நம்பி நிற்கும் விளையாட்டைக் குறுக்கினால் அடையாளச் சின்னங்களே எஞ்சும். அவ்வகைப் படங்கள் பார்த்தவுடன் புன்னகை வரவழைத்துவிட்டு, அடுத்த நொடியே தீர்ந்துபோகின்றன.

குறுக்கலின் எல்லையைத் தொட்ட முயற்சி என்று ஹேலோ 2600-ஐச் சொல்லலாம். மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைமை வகித்தபோது ஹேலோ என்ற விளையாட்டு வெளிவரக் காரணமானவர்களுள் ஒருவரான எட் ஃப்ரைஸ், நிறுவனத்தை விட்டு விலகிச் சில ஆண்டுகள் கழித்து, 2010-இல், அதே விளையாட்டை 1977-ஆம் ஆண்டின் அடாரி 2600 கருவிக்காக எழுதினார். அந்தக் கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட். இந்தக் கட்டுரையின் ஒரு நீண்ட வாக்கியத்தைக்கூட அதில் சேமிக்க முடியாது. முழுப் படத்தையும் வைத்துக்கொள்ள இடமில்லாததால், தொலைக்காட்சியின் ஒளிக்கற்றை திரையில் ஒவ்வொரு கோடாக இறங்கிவரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து அடுத்த கோட்டில் என்ன தோன்ற வேண்டும் என்பதை நிரல் அவ்வப்போதே சொல்ல வேண்டும். 4 கிலோபைட் நிரலுக்குள், 64 திரைகளைக் கடந்து செல்லும் பச்சைக் கவச வீரனை அவர் அடக்கிக் காட்டினார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகம் 2013-இல் ஹேலோ 2600-ஐத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. மூல ஹேலோவுக்கு முன்பே அதன் குறுவடிவம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

கற்றுக்கொள்ளும் பட்டறையாகவும் டீமேக் பயன்பட்டிருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜாஸ்பர் பைர்ன், கொனாமி நிறுவனத்தின் சைலன்ட் ஹில் 2 என்ற திகில் விளையாட்டை எட்டு-பிட் தோற்றத்தில் ‘சவுண்ட்லெஸ் மவுன்டன் 2’ என்று 2008-இல் மாற்றி அமைத்தார். மங்கலான உருவமே அச்சத்தைக் கூட்டும் என்பதை அதில் கண்டுகொண்டவர், 2012-இல் ‘லோன் சர்வைவர்’ என்ற தம் சொந்த விளையாட்டை அதே பிக்சல் மொழியில் வெளியிட்டுப் பெயர் பெற்றார். முழுதாகக் காட்டப்பட்ட பூதத்தைவிட, ஐந்தாறு புள்ளிகளில் தோன்றி மறையும் பூதத்துக்கு மீதி உடலைப் பார்ப்பவரே கற்பித்துக்கொள்கிறார். திகில் கதைகளுக்கு இந்த வடிவம் பொருந்திவருவது அதனால்தான்.

உரிமைச் சட்டம் மட்டும் இந்தக் கலையை விட்டுவைப்பதில்லை. ஓவியமாக இருக்கும்வரை நிறுவனங்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் இருந்துவிடுகின்றன. விளையாடத்தக்கதாகி, மூலத்தின் பெயரையும் தாங்கி வந்தால் நிலைமை மாறுகிறது. நிண்டெண்டோவின் அந்தத் தட்டையான ஜெல்டா மாதிரியைப் பார்த்து உந்துதல் பெற்ற ரசிகர் ஒருவர், 2017-இல் ‘ப்ரெத் ஆஃப் த என்இஎஸ்’ என்று தாமே ஒன்றை எழுதிப் பொதுவில் வைத்தபோது, நிறுவனத்தின் உரிமைக்கோரல் வந்து அது நீக்கப்பட்டது.

எட்டு-பிட் தலைமுறைக்கு அடுத்த தலைமுறையின் முறை இப்போது வந்திருக்கிறது. 1994-இல் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷனில் வளர்ந்தவர்களுக்குப் பழைய காலம் என்றால் கரடுமுரடான முப்பரிமாண உருவங்களும், நடக்கும்போது நெளியும் தரையும், நடுங்கும் சுவர் விளிம்புகளும்தான். அந்தக் கருவி முனைகளின் இடத்தைப் பின்னமில்லாத முழு எண்களில் கணக்கிட்டதன் விளைவு அந்த நடுக்கம். லிலித் வால்தர் என்பவர் ப்ளட்போர்ன் (2015) என்ற விளையாட்டின் தொடக்கப் பகுதியை அந்த நெளிவுகளோடும் நடுக்கங்களோடும் 2022 ஜனவரியில் இலவசமாக வெளியிட்டார். அதே உலகின் பாத்திரங்களைக் கார்ட் பந்தயத்தில் ஓட்டவிடும் அவருடைய அடுத்த விளையாட்டு வெளிவரும் தறுவாயில் ப்ளட்போர்னின் உரிமையாளரான சோனி நிறுவனம் குறுக்கிட்டது. பெயரையும் உருவங்களையும் மாற்றி ‘நைட்மேர் கார்ட்’ என்று அவர் அதை 2024 மே மாதம் வெளியிட்டார். மூல விளையாட்டை ஆடியவர்கள் முகமூடி மாறிய ஒவ்வொரு பாத்திரத்தையும் அதன் நிழலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்கள்.