முள்ளை முள்ளால் எடுக்கலாமா?

கஞ்சாவை விட முடியாமல் தவிப்பவருக்குக் கஞ்சாச் செடியிலிருந்தே எடுத்த மருந்தைக் கொடுக்கலாமா? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு, அவுஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தபோது முதலில் எழுந்த கேள்வி இதுதான்.

நீண்ட காலம் தினமும் கஞ்சா பாவிப்பவரின் மூளை, அதிலுள்ள ரி.எச்.சி. என்ற பதார்த்தத்துக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் தூக்கம் வராது, பசி குன்றும், எரிச்சலும் பதற்றமும் கூடும். அதைத் தாங்க முடியாமல் பலர் திரும்பவும் புகைக்கிறார்கள். இதை மனவுறுதிக் குறைவு என்று மட்டும் நாம் நினைத்துவிடுகிறோம்.

நபிக்சிமோல்ஸ் என்பது வாயினுள் விசிறும் மருந்து. அதில் ரி.எச்.சி.யும், போதை தராத சி.பி.டி.யும் ஏறக்குறைய சம அளவில் உள்ளன. புகையைப் போலன்றி அது மெதுவாக இரத்தத்தில் சேர்கிறது. எனவே சட்டென்று போதை ஏறாமல், நிறுத்தும்போது வரும் அவஸ்தையைத் தணிக்கலாம் என வைத்தியர்கள் எதிர்பார்த்தார்கள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சிகிச்சை நிலையங்களில் 128 பேரிடம் 12 வாரங்கள் இது சோதிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு மருந்து. மறு சாராருக்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத விசிறி. யாருக்கு எது கிடைக்கும் என்பதைக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. இரு சாராருக்கும் உளவள ஆலோசனை வழங்கப்பட்டது.

வெற்று விசிறி எதற்கு? “நான் மருந்து எடுக்கிறேன்” என்ற நம்பிக்கையே ஒருவரை மாற்றலாம், ஆலோசனையும் மாற்றலாம். மருந்து தனியாக என்ன செய்தது என்பதை அறிய, ஒப்பிட இன்னொரு குழு வேண்டும்.

2019இல் முடிவு வெளியானது. 84 நாட்களில் மருந்து பெற்றோர் சராசரியாக 35 நாட்களும், மற்றவர்கள் 53 நாட்களும் கஞ்சா பாவித்திருந்தனர். வேறுபாடு 18 நாட்கள்!

ஆனால் 35 என்பது பூச்சியமல்ல. மருந்து உதவியது, முழுமையாகக் குணமாக்கவில்லை. கஞ்சா நல்லது என்பதற்கும் இது சான்றல்ல. அளந்து, வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்கும் மருந்து வேறு. தெருவில் வாங்கும் கஞ்சா வேறு.

அன்பான பெற்றோரே, சகோதரிகளே! நீரிழிவு வந்தவரை வைத்தியரிடம் கூட்டிச் செல்ல நாம் வெட்கப்படுவதில்லை. போதையில் சிக்கியவரை மட்டும் ஏன் ஏசிவிட்டு, அறைக்குள் மறைத்து வைக்கிறோம்? அவருக்கும் தேவை சிகிச்சையே.