நூறு சீட்டுக் குடமும் நம்ம ஏரியும்



2015 டிசம்பர் 1-ஐ நம்ம ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் கொட்டியது 47 செ.மீ. மழை! ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது.

"அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்டா. வந்துட்டுப் போயிடுச்சு, இனிமே நமக்கு பயமில்ல" என்பார் எங்க பெரியப்பா. சரிதானா? நிகழ்தகவுப் பாடத்தை வைத்துப் பார்ப்போமா?

ஒரு குடத்தில் 100 சீட்டு. ஒன்றில் மட்டும் 'வெள்ளம்' என்று எழுதியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு சீட்டு எடுக்கிறோம். எடுத்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால் பெரியப்பா சொல்வது சரி. ஆனால் வானம் அப்படிச் செய்யாதே! எடுத்த சீட்டைத் திரும்பக் குடத்திலேயே போட்டுவிடும். அடுத்த வருஷமும் அதே 100 சீட்டுதான். பொறியாளர்கள் சொல்லும் 'நூறு ஆண்டு வெள்ளம்' என்பதற்கும் இதுதான் பொருள்: ஒவ்வொரு வருஷமும் 1/100 வாய்ப்பு.

இரண்டு வருஷத்துக்கு எண்ணுவோம்.
மொத்த வழிகள்: 100 × 100 = 10,000
வெள்ளமே வராத வழிகள்: 99 × 99 = 9,801
குறைந்தது ஒரு தடவை வரும் வழிகள்: 10,000 – 9,801 = 199
நிகழ்தகவு: 199/10,000

நாணயம் சுண்டும் கணக்கில் 'குறைந்தது ஒரு தலை' என்று கேட்பார்களே, அதே முறைதான். வராததை எண்ணி மொத்தத்தில் கழித்துவிட்டால் வேலை சுலபம்.

இப்போது 30 வருஷத்துக்குப் போவோம். 99/100-ஐ முப்பது தடவை பெருக்கினால் சுமார் 0.74. ஒன்றிலிருந்து கழித்தால் 0.26. அதாவது, ஆற்றோரம் 30 வருஷம் குடியிருப்பவர் அந்த வெள்ளத்தைப் பார்க்க நான்கில் ஒரு பங்குக்கும் மேலேயே வாய்ப்பு இருக்கிறது! 100 வருஷத்துக்குப் போட்டால் சுமார் 0.63. வந்தே தீரும் என்றும் இல்லை, ஒரு தடவைதான் வரும் என்றும் இல்லை.

வாய்க்காலையும் குளத்தையும் நாமே மூடினால், குடத்தில் வெள்ளச் சீட்டு இன்னும் கூடும். அதனால் மதகு திறக்கப் போவதாக எச்சரிக்கை வந்தால், "போன தடவைதான் வந்துச்சே" என்று வீட்டில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்தக் கணக்கை அவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். எங்க பெரியப்பாவுக்கு நான் போட்டுக் காட்டிவிட்டேன்!

மூளைக்கு வேலை: 50 சீட்டில் ஒன்று 'வெள்ளம்' என்றால், இரண்டு வருஷத்தில் குறைந்தது ஒரு தடவை வர நிகழ்தகவு என்ன? (விடை அடுத்த இதழில்)