சொட்டுகிற டீசல் யார் கணக்கு?

ரிஷிவந்தியம் பக்கம் மேடும் பள்ளமுமான மானாவாரிக் கொல்லையைச் சமன் செய்யவோ முள்காட்டைத் தள்ளவோ செயின் டோசர் வைப்பவர்கள் முதலில் பேசுவது இரண்டு விஷயம்: மணிக்கு எவ்வளவு, டீசல் யாருடையது? "டீசல் உங்களுது" என்று பேச்சு முடிந்தால் வாடகை குறையும். ஆனால் வண்டிக்கு அடியில் சொட்டுகிற டீசலும் நம் கணக்கில்தான் ஏறுகிறது.

சுமார் 20 சொட்டு ஒரு மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் எட்டு மணி நேர வேலையில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் மண்ணுக்குப் போகும். வண்டி நின்ற பிறகும் ஒழுகினால் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல். கேட்டால் ஆபரேட்டர் சொல்லும் பதில், "பழைய வண்டின்னா சொட்டத்தான் செய்யும்." அதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் வட இந்தியாவில் மத்திய டிராக்டர் நிறுவனம் போர்க்கால அமெரிக்கச் செயின் டிராக்டர்களை வைத்துத்தான் காடு திருத்தத் தொடங்கியது. பிறகு பெங்களூரு பி.இ.எம்.எல்., திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்று உள்நாட்டு வண்டிகள் வந்தன. இரும்பைப் பொறுத்தவரை இந்த வண்டிகள் அசையாதவை. முதலில் கெடுவது ரப்பர்தான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்கும் பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தைக் குறைக்கும் சுத்திகரிப்பில் டீசலின் மற்ற சேர்மானமும் மாறுகிறது. பழைய டீசலில் ஊறி உப்பியே பழகிய நைட்ரைல் ரப்பர் சீல்கள் புதிய டீசலில் சுருங்கிக் கசியும். இது பல நாடுகளில் கண்ட அனுபவம். மாற்றும்போது வைட்டான் ரப்பரில் கிடைக்குமா என்று கேளுங்கள். கொஞ்சம் விலை கூடும், ஆனால் நிற்கும்.

கசிவு எங்கே என்று தேடும்முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: வண்டி நிற்கும்போதும் ஒழுகுகிறதா, ஓடும்போது மட்டுமா? நிற்கும்போதும் ஒழுகினால் டேங்க், டேங்க் வால்வு, அங்கிருந்து ஃபீட் பம்பு வரை உள்ள குழாய் இவற்றில் ஓரிடம். ஓடும்போது மட்டும் என்றால் ஃபீட் பம்புக்கு அப்பால்: ஃபில்டர் மூடி, பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாசர், நாசில் பைப், ஓவர்ஃப்ளோ பைப். எல்லாம் காய்ந்திருக்க, நிறுத்திவைத்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் ஏர் பிடிக்கிறதென்றால், உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. இடத்தைப் பிடிக்க, இன்ஜின் ஆறியதும் நன்றாகத் துடைத்து முகப்பவுடர் தூவுங்கள். ஈரம் முதலில் எங்கே கறுக்கிறதோ அதுதான் ஊற்று. சொட்டுகிற இடம் பெரும்பாலும் வேறாக இருக்கும், ஏனென்றால் டீசல் பைப்பைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கிப் போகும். செம்பு வாசரை ஒருமுறை கழற்றினால் புதிதாகப் போடுவதே நல்லது. வெறுமனே இறுக்கினால் போல்ட் முறியும், கசிவு நிற்காது. டேங்கின் ஊசித்துளையில் சோப்பைத் தேய்த்து அடைப்பது நம் ஊர் வைத்தியம். வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகும் வரை அது தாங்கும், அவ்வளவுதான். டேங்கைக் கழுவி ஆவி போக்காமல் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்க்தான் வெடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு ஒன்று உண்டு, அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஃபீட் பம்பின் டயாபிரம் கிழிந்தாலோ சீல் தேய்ந்தாலோ டீசல் வெளியே வராமல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். அளவுகோலில் ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், அன்றே வண்டியை நிறுத்த வேண்டும். தண்ணீராகிப்போன ஆயிலில் பேரிங் உருகும். சில சமயம் இன்ஜின் அந்தக் கலவையையே எரித்து, டீசலை மூடினாலும் நிற்காமல் எகிறும்.

கையால் தடவிக் கசிவு தேடுவதை யாராவது செய்தால் தடுத்துவிடுங்கள். பல பழைய இன்ஜின்களிலும் நாசில் பைப்பின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 100 கிலோவைத் தாண்டும். தோலைத் துளைக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். காயம் முள் குத்தியதுபோல் இருக்கும், முதலில் வலிகூட வராது. சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கி விரலையே எடுக்க நேரிடும். சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறெங்கோ, போனதும் "அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்தது" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் கட்டுப்போட்டு அனுப்பிவிடக்கூடும். கசிவு தேட, கைக்குப் பதிலாக ஒரு அட்டைத் துண்டைப் பைப் அருகே நீட்டினால் போதும்.

டீசல் சுலபமாகத் தீப்பிடிக்காது என்பது பாதி உண்மை. இந்தியத் தரத்தில் டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயில் அதைத் தாண்டும், சைலன்சர் பல மடங்கு தாண்டும். பெட்ரோலில் ஓடும் சின்ன இன்ஜினால் பெரிய இன்ஜினைக் கிளப்புகிற பழைய கேட்டர்பில்லர் வகை என்றால் ஆபத்து இரட்டிப்பு. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மண்ணை அள்ளிப் போடுங்கள், 101-ஐ அழையுங்கள். கிணற்றோரம், ஏரிக்கரை, வாய்க்கால் ஓரத்தில் வண்டியை நிறுத்தி டீசல் ஊற்ற விடாதீர்கள்.

இனி உரிமை. வாடகை கொடுப்பவர் நுகர்வோர். விதை வழக்கொன்றில் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, செய்த வேலைக்கு ரசீது தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. மெக்கானிக், உதிரிபாகக் கடைக்காரர், வண்டி உரிமையாளர் மூவருக்கும் இது பொருந்தும். வேளாண்மைப் பொறியியல் துறையிடம் உழவன் செயலியில் பதிவு செய்து புல்டோசர் எடுத்தாலும் நீங்கள் காசு கொடுத்துச் சேவை பெறுபவர்தான்.

வேலை தொடங்கும்போதே டேங்க் அளவு, மணி மீட்டர், கசிவு மூன்றையும் கைபேசியில் படமெடுத்து, வாடகைச் சீட்டில் ஒரு வரி எழுதி ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆபரேட்டருக்கோ கிளீனருக்கோ அடிபட்டால் அது வேறு வழி. டிராக்டர் போன்ற இயந்திரத்தால் விவசாய வேலை செய்பவர்கள் 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றவர்கள். அந்த விதிகள் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. இழப்பீடு தர வேண்டியவர் வேலைக்கு வைத்தவர்.

வண்டி உங்களுடையதென்றால், பழுது பார்த்து முடிந்ததும் கழற்றிய வாசர், டயாபிரம், சீல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, ரசீதோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். மாற்றாத பாகத்துக்குப் பில் போட்டார்களா என்ற கேள்வி வந்தால் ஆணையத்தில் எடுத்துக்காட்ட அது வேண்டும்.