ஐய வினாவும் அறியா வினாவும்

அயலூர் ஆங்கிலம் – 9

புனேயின் ஜூனி சாங்வியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ராஜபாளையத்துப் பையன் ஒருவன் குடியிருக்கிறான். ஹிஞ்ஜவடியில் மென்பொருள் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இட்லி மாவு வாங்கிப் போக வருவான். போன வாரம் வந்தவன் பாத்திரத்தை நீட்டவில்லை, போனை நீட்டினான். "அக்கா, இதுல நான் என்ன தப்பா எழுதிட்டேன்?"

அவன் அலுவலகத்தில் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளில் ஏதோ கோளாறு. அதைச் சம்பளமில்லாமல் பராமரித்து வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். "டியர் சார், ஐ ஹேவ் எ டவுட்" என்று தொடக்கம். நடுவில் விஷயம் ஐந்து வரி. "கைண்ட்லி டூ த நீட்ஃபுல், தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்" என்று முடிவு. வந்த பதில் இரண்டே வாக்கியம்: எதைச் சந்தேகப்படுகிறீர்கள்? நான் சார் இல்லை.

"இங்கிலீஷ் மீடியம்தான்க்கா படிச்சேன்" என்றான். முகம் சுண்டிப்போயிருந்தது.

அவன் எழுதியதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அவனைப் போல எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில் கூசிப்போய் நிற்கிறார்கள்.

முதலில் அந்த 'டவுட்'. வகுப்பில் கை தூக்கி "சார், ஒரு சந்தேகம்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே சாங்விப் பிள்ளைகளும் டியூஷன் டீச்சரிடம் மராத்தியில் "மலா ஏக் ஷங்கா ஆஹே" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு மொழியிலும் அது கேள்வி என்றே பொருள்படும். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர் காதில் 'டவுட்' அப்படி விழாது. நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று விழும்.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரித்ததைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். கிடப்பது கயிறா பாம்பா என்று கேட்டால் ஐய வினா. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டால் அறியா வினா. பையன் கேட்டது அறியா வினா. பதில் எழுதிய அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது ஐய வினா. பேச்சுத் தமிழில் 'சந்தேகம்' இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பாத்திரம்.

விடைகளையும் நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் எட்டாக வகுத்தார். இணையத்தில் நமக்கு வரும் பதில்களை அதில் வைத்துப் பார்த்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும். ஒரு வார்த்தை பேசாமல் வெறும் இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறார்களே, அது சுட்டு விடை. 'கையேட்டைப் போய்ப் படி' என்பது ஏவல் விடை. 'இதுவரை என்ன செய்து பார்த்தாய்?' என்பது வினா எதிர் வினாதல். எல்லாம் விடைதான். பாராமுகமாக இருப்பவர் இவ்வளவுகூடத் தட்டச்சு செய்ய மாட்டார்.

ஆனாலும் அந்த இணையச் சூழலின் மரியாதை நம் மரியாதைக்கு நேர் எதிராக ஓடுகிறது. ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளத்தில் கேள்விக்கு மேலே வணக்கம் போட்டால் வெட்டிவிடுவார்கள், கீழே நன்றி போட்டாலும் வெட்டிவிடுவார்கள். பின்னால் அதே சிக்கலோடு வரப்போகும் ஆயிரம் பேர் படிக்க வேண்டிய பக்கம் அது, உபசாரச் சொற்கள் இடத்தை அடைக்கும் என்பது அவர்கள் நியாயம். எனக்கு அது புரிகிறது. வாசலில் நின்று வணக்கம் சொன்னவனின் வணக்கத்தைப் பெருக்கித் தள்ளினால் அவனுக்கு எப்படி இருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. புதியவர்களை, குறிப்பாக வெளியாட்களாக உணர்கிறவர்களை, நாங்கள் அன்பாக வரவேற்கவில்லை என்று 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. போர்ச்சுகீசிய, ரஷ்ய, ஸ்பானிய, ஜப்பானிய மொழிகளுக்கு அவர்கள் தனித்தளம் திறந்தார்கள். இந்திய மொழி எதற்கும் திறக்கவில்லை. நம்மிடம் இத்தனை லட்சம் நிரலாளர்கள் இருந்தும்!

'டூ த நீட்ஃபுல்' நாமாக இட்டுக்கட்டியதும் இல்லை. வெள்ளைக்கார அதிகாரிகளின் கோப்பு ஆங்கிலம் அது. தமிழ் மனுவில் 'ஆவன செய்யுமாறு' என்று எழுதுகிறோமே, அதன் உடன்பிறப்பு. அவர்கள் ஊரில் அது வழக்கொழிந்தது, நம் ஊரில் தங்கிவிட்டது. இன்று 'கைண்ட்லி' என்று ஆரம்பித்தாலே மோசடி மின்னஞ்சலோ என்று அங்கே நிமிர்ந்து உட்காருகிறவர்கள் உண்டு. பணிவாகச் சொல்லக் கற்றுக்கொடுத்த சொல்லே நம்மைச் சந்தேகத்துக்கு ஆளாக்குவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்' விஷயம் இன்னும் நுட்பமானது. நிரலாளர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று எரிக் ரேமண்ட் 2001இல் ஒரு கையேடு எழுதினார். மரியாதை ஒருபோதும் கெடுதல் செய்யாது என்று அதில் அவரே சொல்கிறார். ஆனால் முன்கூட்டியே நன்றி சொன்னால், பதில் வந்த பிறகு சொல்ல மாட்டேன் என்று சிலர் பொருள் கொள்கிறார்களாம். இப்படி ஒரு பொருள் அதற்கு உண்டு என்று நமக்கு எந்த ஆங்கில ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார்?

'சார்' கதையும் இதுதான். எங்கள் வீட்டு உரிமையாளருக்கு எழுபது வயது. காகா என்றுதான் கூப்பிடுகிறோம். அவரைப் பெயர் சொல்லி அழைக்க என் நாக்கு எழாது. அங்கேயோ முன்பின் தெரியாதவரையும் முதல் வரியிலேயே பெயர் சொல்லி அழைக்கிறார்கள். மூன்று புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஓகே' என்று மட்டும் போட்டால் வெடுக்கென்று இருக்குமே என்று நாம் பின்னால் புள்ளிகள் வைத்து மென்மையாக்குகிறோம். இளவயது அமெரிக்கருக்கு அந்தப் புள்ளிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரித் தெரியும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு பெரிய கவலை இருக்கிறது. எழுதியது மனிதரா இயந்திரமா என்று சொல்லும் கருவிகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளிடம் கொடுத்தார்கள். எல்லாம் மனிதர்கள் எழுதியவை. சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாகக் கருவிகள் குற்றம் சாட்டின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அவை ஏறக்குறையத் தவறவே இல்லை. தெரிந்த சொற்களை வைத்துப் பிழையில்லாமல் நேராக எழுதினால் அதுவே குற்றமாகிறது. ராத்திரியெல்லாம் கண் விழித்துத் தானே எழுதிய கட்டுரையைத் தான்தான் எழுதினேன் என்று ஒரு மாணவி எப்படி நிரூபிப்பாள்?

அன்று இரவு பையனும் நானும் உட்கார்ந்து அவன் கடிதத்தைத் திருப்பி எழுதினோம். 'டியர் சார்' போய் ஒற்றை 'ஹாய்' வந்தது. 'டவுட்' இருந்த இடத்தில் 'கொஸ்டின்'. மென்பொருளின் எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தான், திரையில் எழுத்துப் பிசகாமல் என்ன பிழைச்செய்தி வந்தது, அதற்கு முன் என்னென்ன முயன்றான் என்று வரிசையாகப் போட்டோம். 'நீட்ஃபுல்' எடுபட்டது. நன்றியை மட்டும் எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "பதில் வந்ததும் சொல்லிக்கலாம்" என்றேன்.

மறுநாள் ராத்திரி பத்தரைக்குக் கதவைத் தட்டினான். அதே அம்மாதான் பதில் போட்டிருந்தார். ஒரு சொல்கூட இல்லை, ஒரு இணைப்பு மட்டும். "சுட்டு விடைக்கா!" என்றான். அதில் இருந்தபடி செய்து பார்த்திருக்கிறான், கோளாறு தீர்ந்துவிட்டது.

நன்றி தட்டச்சு செய்துவிட்டு விரலை எடுக்காமல் நின்றான். "கையெடுத்துக் கும்பிடற பொம்மையும் போடலாமாக்கா?"

ஜப்பானியக் கைபேசிகளிலிருந்து வந்து, 2010இல் யூனிகோடில் 'கை கூப்பிய மனிதர்' என்ற பெயரோடு இடம்பிடித்த படம் அது. இரண்டு பேர் உள்ளங்கை தட்டிக்கொள்வதாகவும் சிலர் அதைப் படிக்கிறார்கள். அவனுக்கு அதையும் சொன்னேன்.

"அப்படிப் படிச்சாலும் சந்தோஷம்தானேக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

(தொடரும்)