வெப்பத்தை இறைக்கும் ஏற்றம்

ஏசியும் ஹீட் பம்ப்பும் ஒரே இயந்திரம்தான். ஏசி அறையின் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை வாரி உள்ளே கொட்டுகிறது. இரண்டையும் பிரிப்பது ஒரு நான்கு வழி வால்வு. கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான வாயுவை வெளிச் சுருளுக்கு அனுப்பினால் அறை குளிரும். உட்சுருளுக்குத் திருப்பினால் அறை சூடாகும். வட இந்தியாவில் ‘ஹாட் அண்ட் கோல்டு’ என்ற பெயரில் விற்கும் ஏசிகளில் பெரும்பாலானவை இப்படி இரு திசையிலும் இயங்குபவை.

குளிரிலிருந்து வெப்பம் எடுக்க முடிவதற்குக் காரணம் உள்ளே சுற்றும் திரவம். அத்தகைய திரவங்களில் ஒன்றான ஆர்-32 சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் உறைபனிக் காற்றும் அதற்கு அடுப்புதான்.

இந்த வேலை கிணற்றில் ஏற்றம் இறைப்பதைப் போன்றது. வெப்பம் தண்ணீர், வெப்பநிலை ஆழம், ஆர்-32 சால். சால் நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்கினால்தான் நிரம்பும். வாய்க்காலுக்கு மேலே எழுந்தால்தான் கொட்டும். அறை 24 டிகிரி, வெளியே 38 டிகிரி என்றால் வித்தியாசம் 14 டிகிரிதான். ஆனால் உட்சுருள் 10 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். வெளிச்சுருள் 50 டிகிரி அளவுக்குச் சுட வேண்டும். கம்ப்ரஸர் உண்மையில் இறைக்கும் ஆழம் 40 டிகிரி. மின்சாரம் செலவாவது இந்த ஆழத்துக்குத்தான்.

சிக்கனத்தின் சூட்சுமமும் இங்கேயே இருக்கிறது. சாலின் வாய் அகலமாக இருந்தால் ஆழ மூழ்காமலே நிரம்பும். 5 ஸ்டார் ஏசிகளில் சுருள்கள் பெரிதாக இருப்பது அதற்காகவே. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மெதுவாக ஓடும்போது குறைந்த வெப்பமே சுருள்களைக் கடக்கிறது. சுருளுக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, ஆழம் குறைகிறது.

1 டன் ஏசி அறையிலிருந்து 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்குச் சுமார் 1 கிலோவாட் மின்சாரம் என்று கொண்டால், வெளியே கொட்டுவது 4.5 கிலோவாட். செலவான மின்சாரமும் வெப்பமாகிச் சேர்ந்துகொள்கிறது. குளிர்விக்கும்போது அது வீண். சூடாக்கும்போது அதுவும் வரவு. ‘400 சதவீதத் திறன்’ என்ற விளம்பரத்தின் பொருள் இவ்வளவே. வெப்பம் புதிதாகப் பிறப்பதில்லை, இடம் மாறுகிறது.

கருத்தும் புதிதல்ல. வில்லியம் தாம்சன், பிற்காலக் கெல்வின் பிரபு, 1852இலேயே இதை விளக்கிவிட்டார். பொறியாளர் கேரியரின் ஏசி அதற்குப் பிறகு, 1902இல்தான் ஓர் அச்சகத்துக்காக வந்தது.

ஏசியும் ஹீட் பம்ப்பும் ஒரே இயந்திரம் என்பதால், எது சிக்கனம் என்பதை, அது எதற்கு மாற்றாக வருகிறது என்பதே தீர்மானிக்கிறது. நார்வேயில் ஹீட் பம்ப் ஹீட்டரின் இடத்தைப் பிடித்து மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. சென்னையில் அறையைச் சூடாக்கும் தேவையே இல்லை. அங்கே அதற்குரிய இடம் குளியலறை. 100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாக்கக் கீசருக்கு ஏறத்தாழ 2.7 யூனிட் வேண்டும். மூன்று மடங்கு வெப்பம் தரும் ஹீட் பம்ப்புக்கு 0.9 யூனிட் போதும். வெந்நீர் குறைவாகச் செலவாகும் வீட்டில் கருவியின் கூடுதல் விலை திரும்ப வர நெடுநாளாகும். குளிர்விப்பதற்கோ ஹீட் பம்ப் என்ற பெயரால் தனி ஆதாயம் எதுவுமில்லை. அங்கே பார்க்க வேண்டியவை ஸ்டார் எண்ணிக்கையும் ரிமோட்டில் வைக்கும் வெப்பநிலையும்தான்.